ஈரத்துணி அக்கா

ஊட்டியில் பல்பு விற்றுப் பிழைக்கிறவனிடம் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்கலாம். சூட்டைப் பற்றிக் கேட்டால் அவன் என்ன செய்வான்? அந்த அக்கா முதன்முதலாக என் கடைக்கு வந்து கேட்டது சூட்டைத்தான்.

"ஏனுங்க தம்பி, குண்டு பல்பு இருக்குதுங்களா? பழைய மாதிரி. கைய வெச்சாச் சுடோணும்."

நான் என் சரக்கின் பெருமையை எடுத்துவிட்டேன். எல்ஈடி, கரண்ட் மிச்சம், கண்ணுக்குக் குளிர்ச்சி, கியாரண்டி. கோவையிலிருந்து இங்கே வந்து கடை போட்ட நாளாக நான் மனப்பாடமாகச் சொல்லும் பாட்டு அது. அக்கா கடைசி வரை கேட்டார்.

"எல்லாஞ் சரிங்க. சுடுமுங்களா?"

"சுடாதுங்க."

"அப்ப வேண்டாமுங்க. கோழிக்குஞ்சுக்கு வெளிச்சம் எதுக்கு?"

பரண் மேல் ஒரு பெட்டி குண்டு பல்பு கிடந்தது. ஊரே எல்ஈடிக்கு மாறிய பிறகு நான் கொள்முதல் செய்தது. என் வியாபார மூளைக்கு உதாரணமாக என் மனைவி வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் காட்டும் பெட்டி. ஏணி வைத்து ஏறி, வெற்றி வீரனைப் போல அதை இழுத்தேன். பெட்டியோடு அதன் மேலிருந்த தூசியும் கிளம்பியது. ஏணியிலேயே தும்மினேன். கீழே அக்கா நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்த்தது என்னை அல்ல. அந்தத் தூசி எந்தப் பக்கம் போகிறது, எங்கே இறங்குகிறது என்பதைத்தான்.

"மெதுவா இறக்குங்க. கெளப்பாதீங்க."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதலில் கேட்டேன்.

ஊட்டி பெர்ன்ஹில்லில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டில்தான் அக்காவும் அவருடைய அண்ணனும் குடியிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கார் போனால் இன்னொரு கார் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்கு ஒரு சந்து. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த பழைய வீடுகள். முன்பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி அடைத்த ஒரு நீளமான அறை, அதற்குப் பின்னால் ஹால். ஹாலுக்கும் கண்ணாடி ரூமுக்கும் நடுவே ஒரு கதவும், பெரிய கண்ணாடிச் சன்னலும்.

அண்ணன் அந்தச் சன்னலுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தேயிலை பேக்டரியில், காய்ந்த தூளைச் சலித்துப் பிரிக்கும் ஹாலில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அங்கே பறந்த பஞ்சும் தூளும் அவர் நெஞ்சுக்குள் குடிவந்துவிட்டன. நாலு வார்த்தை பேசினால் ஒரு இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். டாக்டர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார்: வீட்டில் தூசி கூடாது.

எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருந்தவரை அவர் கால்களைச் சுற்றிக் கோழிகள் வந்துகொண்டிருக்கும். பெர்ன்ஹில்லுக்கு வந்த பிறகு பார்ப்பதற்குப் பனிமூட்டத்தைத் தவிர ஒன்றுமில்லை. அதைப் பார்க்கத்தான் டூரிஸ்ட்டுகள் எங்கிருந்தோ கிளம்பி வருகிறார்கள். தினமும் சன்னல் முழுக்க வெள்ளையாக அதையே பார்ப்பவருக்குக் கண் வலிக்கும். ஒரு நாள் தங்கையிடம் கேட்டாராம்: "பாப்பா, ரெண்டு குஞ்சு இருந்தாத் தேவலை." ஐம்பத்தைந்து வயது தங்கையை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நோய் வந்த பிறகு அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றைத்தான்.

அக்கா அவரை டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடந்ததை அண்ணன் எனக்கு இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினார்.

"கோழியா? ரெக்கைத் தூசு இவருக்கு ஆகவே ஆகாதும்மா."

"நடுவுல கண்ணாடி இருந்தாலுங்களா?"

"கண்ணாடி இருந்தா சரி. ஆனா, கண்ணாடிக்கு அந்தப் பக்கமே இருன்னு தூசிகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேனுங்க டாக்டர்."

சொன்னார். தினமும் சொன்னார்.

ஹாலுக்கும் கண்ணாடி ரூமுக்கும் நடுவே இருந்த கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்து அடைத்தார். வாசலும் மூடப்பட்டது, யார் வந்தாலும் வீட்டைச் சுற்றிப் போய்ச் சமையலறைக் கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கண்ணாடி ரூமில் அட்டைத் தடுப்பு, அதற்குள் பல்பு, பல்புக்குக் கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து பெட்டியில் வந்த குஞ்சுகள். அவை வளர்ந்ததும் யாருக்காவது கொடுத்துவிட்டு அடுத்த பெட்டி வரவழைப்பார். கீழே பரப்பத் தச்சுப் பட்டறையிலிருந்து இழைப்புச் சுருள் வாங்கி வருவார். மரத்தூள் வேண்டாம், சுருள்தான் வேண்டும். அதையும் அப்படியே கொட்டமாட்டார். கொல்லைக் கோடியில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று சலித்து, பொடியெல்லாம் போன பிறகே உள்ளே எடுத்துவருவார். தீவனமும் மாவாகவே இருக்கக் கூடாது. ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, புட்டு மாவைப் போல லேசாகத் தண்ணீர் விட்டுப் பிசறி வைப்பார். அந்த அறைக்கென்று தனி ஸ்வெட்டர் ஆணியில் தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு ஹாலுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார்.

குஞ்சுக்கு இறகு முளைக்கும் சமயம் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு இறகும் ஓர் உறைக்குள் சுருண்டு வரும். உறை உதிர்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பொடி. அந்த நாட்களில் மட்டும் அக்கா பேசுவதே குறைந்துவிடும். ஒரு கையில் வாளி, ஒரு கையில் துணி. கண்ணாடி, சட்டம், தரை, பல்பு ஒயர், தடுப்பின் விளிம்பு எல்லாவற்றையும் துடைப்பார். அந்த வீட்டில் விளக்குமாறு என்ற பொருளே கிடையாது. "பெருக்குனா எந்திரிக்குமுங்க. தொடச்சா ஒட்டிக்குமுங்க" என்பார். நான் அவருக்கு ஈரத்துணி அக்கா என்று பெயர் வைத்தேன். சந்து முழுவதும் பரவிவிட்டது. எனக்கு அவர்கள் வைத்த பெயரை இங்கே எழுதுவதாக இல்லை.

நானும் என் பங்குக்கு உதவினேன். எலக்ட்ரிக் கடைக்காரன் மூளையில் எல்லாப் பிரச்னைக்கும் ஒரு மோட்டார் இருக்கும். கண்ணாடி ரூமில் எக்ஸாஸ்ட் பேன் மாட்டிவிட்டேன். தூசி வெளியே போனது உண்மை. போன காற்றுக்கு ஈடாக, சட்ட இடுக்கெல்லாம் வழியாகப் பெர்ன்ஹில்லின் பனிமூட்டம் முழுவதும் உள்ளே வந்தது. குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியலாகிவிட்டன. அக்கா சுவிட்சை அணைத்தார். திட்டவில்லை. "உங்க பேன் நல்லா வேலை செய்யுதுங்க தம்பி. வேற எங்கியாச்சும்" என்றார். சன்னலுக்கு இந்தப் பக்கம் அண்ணன் சிரித்து, சிரிப்பு இருமலாகி, அக்கா ஓட வேண்டியதாயிற்று.

"கெளப்பாதீங்க" என்பது தூசிக்கு மட்டுமான வார்த்தை அல்ல. சந்தில் தண்ணீர் லாரி வரிசையில் சண்டை மூண்டால், அக்கா குடத்தோடு நடுவில் வந்து அதையே சொல்வார். ஒருமுறை என் மனைவி, அக்காவுக்குக் கல்யாணம் பேசி நின்றுபோன கதையை அவரிடமே கேட்டுவிட்டாள். கையிலிருந்த துணியைப் பிழிந்தபடி அக்கா சொன்னார்: "அது படிஞ்சு ரொம்ப நாளாச்சு கண்ணு. கெளப்பாதே." குரலில் கோபம் இல்லை. வீடு திரும்பும்போது என் மனைவிதான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். குட்டு அவளோடு போனதில் எனக்குச் சந்தோஷம்தான், அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித் தூண்டியவனே நான்.

அக்காவின் துணி தவறே செய்யாதது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மழைக்காலம். வாரக்கணக்கில் வெயில் தலைகாட்டவில்லை. சுவரே வியர்த்துக்கொண்டிருந்த நாட்களிலும் அக்கா வழக்கப்படி துணியை நனைத்து, போதாதென்று இழைப்புச் சுருள் மேலும் கையால் தண்ணீர் தெளித்தார். அண்ணனுக்கு அந்த வாரம் மூச்சு மோசமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத தூசி எங்கோ இருக்கிறது என்ற பயம் அக்காவுக்கு. சுருள் அடியில் கட்டி கட்டியாகிப் புளித்த வாடை வந்தது. குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தன. கழுத்தைச் சுருக்கிக்கொண்டு மூலைக்கு மூலை நின்றன.

அண்ணன் கண்ணாடியை விரல் நுனியால் தட்டுவார். தட்டினால், அங்கே ஒன்று அசையவில்லை என்று அர்த்தம். அக்கா போய் எடுப்பார். அண்ணன் மறுபடி தட்டுவார். பெட்டி கிட்டத்தட்டக் காலியான பிறகு அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

நான் போனபோது அக்கா சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"தூசிக்குப் பயந்துட்டுத் தண்ணியில கொன்னுபோட்டேனுங்க தம்பி" என்றார்.

அடுத்த பெட்டி வந்தபோதுதான் நாற்காலி திரும்பியது. அதற்குப் பிறகு அக்கா துணியை நனைத்தால் ஒரு சொட்டுக்கூட மிஞ்சாமல் முறுக்கிப் பிழிவார். முறுக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். தெளிப்பது அத்தோடு நின்றது. ஆனால் தெளிக்காத சுருள் லேசாகப் பொடி விடத்தான் செய்தது. அதற்குப் பதிலாக அவர் அந்த அறையில் துடைத்துக்கொண்டிருக்கும் நேரம் கூடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தார். பல்பு மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்ததால் சமையலறை வழியாகப் போனேன். ஹாலில் நாற்காலி காலி. கதவடி ஈரத்துண்டு விலகிக் கிடந்தது. அண்ணன் கண்ணாடி ரூமில் தரையில் உட்கார்ந்திருந்தார். மப்ளருக்குள் இரண்டு கைகளையும் குவித்து வைத்திருந்தார். கைக்குள் ஒரு குஞ்சு, கண்ணை மூடித் தூங்கியது.

"சித்த நேரம் பேசாம இருங்க தம்பி" என்றார். "இதுக்கு நெஞ்சு எப்படி அடிக்குது பாருங்க. நம்ம பேக்டரி மிஷினு தோத்துப்போயிரும்."

மனிதர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. பல்பை மாற்றுவதாகப் பாவனை செய்துகொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் அவருக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. நெபுலைசர் மிஷின் உறுமிக்கொண்டே இருந்தது. மாஸ்க்குக்குள் அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஈரத்துணியால் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். நகக் கண்ணைக்கூட விடவில்லை. குஞ்சுகளை மறுநாளே யாருக்காவது கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் அக்கா என் கடைக்கு வந்து, "நல்ல பூட்டு எங்க கெடைக்குமுங்க?" என்று விசாரித்தார்.

கண்ணாடி ரூம் கதவில் பூட்டு ஏறியது. சாவி அக்காவின் இடுப்பில். எனக்கு என்னவோ போல இருந்தது. அண்ணன்தான் சமாதானம் சொன்னார்: "பேக்டரியிலகூட எனக்குப் பூட்டுப் போட்டதில்லீங்க தம்பி. நம்ம பாப்பா சூப்பர்வைசரையே மிஞ்சிப்போட்டா." சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் சொன்ன பிறகு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் என் மனைவி ஒன்றைக் கவனித்தாள். "ஏனுங்க, அந்தக்கா துண்டு உதறக் கொல்லைக்குப் போனா லேசுல திரும்பறதில்லை. என்னத்த உதறுறாங்க அத்தனை நேரம்?"

மூக்கை நீட்டுவது என் பிறவிக்குணம். போய்ப் பார்த்தேன். கொல்லைக் கோடியில், யூகலிப்டஸ் மரத்தை ஒரு கையால் பிடித்துக் குனிந்து அக்கா இருமிக்கொண்டிருந்தார். சத்தம் வீட்டுக்குக் கேட்காமல் இருக்க, உதறக் கொண்டுவந்த துண்டையே வாயில் அழுத்தியிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சலிக்கும்போது மூக்கில் துண்டு கட்டினால் குளிரில் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து மறைக்கிறது என்று அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுச் சலிப்பார். பல நாள் பார்த்திருக்கிறேன். அந்தப் பொடியும் இறகு உறையும் ஈரத்துணியில் ஒட்டியது போக மிச்சம் எங்கே போயிருக்கும்?

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"கெளப்பாதீங்க தம்பி."

மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, அக்கா சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து அண்ணன் என்னை வரச்சொல்லி போன் செய்தார்.

"பாப்பா இருமறா" என்றார்.

"அப்படீங்களா?"

"நடிக்காதீங்க தம்பி. உங்களுக்கு வராது." மூச்சு வாங்கினார். "பேக்டரியில எத்தனை நெஞ்சு இருமிக் கேட்டிருப்பேன் நானு. தொண்டையில வர்ற இருமலு வேற. இது அது இல்ல. மரத்துக்கிட்டப் போய் இருமுனா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுட்டு இருக்கறா."

"குஞ்சு வேண்டாமுன்னு நீங்களே சொல்லிப்போடுங்களேன்."

"சொன்னேன். நீங்க சும்மா இருங்கண்ணா, உங்களுக்கு என்ன தெரியும்கிறா. அவளுக்காகச் சொல்றேன்னு கண்டுபிடிச்சுருவா." கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு குஞ்சு தடுப்பின் மேல் தாவி நின்று விழப் பார்த்துக்கொண்டிருந்தது. "நீங்க கேளுங்க. உங்களுக்கு வேணும்னு கேளுங்க. உங்களை அவளுக்குப் பிடிக்கும்."

"எனக்குக் கோழின்னாலே பயமுங்கண்ணா."

மார்க்கெட் வாசலில் ஒரு சேவல் துரத்த, நான் யாரோ ஒருவருடைய ஸ்கூட்டரில், அவருக்குப் பின்னால், அவரைக் கட்டிப்பிடித்து ஏறிய செய்தி ஊட்டி முழுக்கத் தெரியும்.

"தெரியும். போங்க" என்றார் அண்ணன்.

என் வாழ்க்கையில் நான் விளையாட்டுக்காகச் சொன்ன பொய்கள் நிறைய. அத்தனையும் பலித்திருக்கின்றன. அன்று சாயங்காலம் சமையலறைப் படியில் நின்று "அக்கா, எனக்கு அந்தக் குஞ்சுக வேணுங்க" என்று சொன்னபோது, பள்ளிக்கூட மேடையில் வசனம் மறந்தவனைப் போல எனக்குக் காது சுட்டது.

அக்கா துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். "எதுக்குங்க?"

"ஆசைங்க."

"உங்களுக்கா?"

"பயம் போவோணுமில்லீங்க."

அக்கா திரும்பி ஹாலைப் பார்த்தார். அண்ணன் நாற்காலியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்தபடி தூங்கினால் குறட்டை எதிர்வீடு வரை கேட்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை.

அக்கா வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த துணியை மறுபடி பிழிந்தார். அதிலிருந்து ஒன்றும் சொட்டவில்லை.

"ரெண்டு பேருக்கும் நடிக்கத் தெரியலீங்க" என்றார் மெதுவாக. பிறகு, "எடுத்துக்கங்க. ஆனா ஒண்ணு. பெட்டிய உங்க கண்ணாடி ரூமுல, ரோட்டைப் பாத்த மாதிரி வெக்கோணும். பல்பு அந்தக் கோடியில. கண்ணாடிய ரெண்டு பக்கமும் தொடைக்கோணும். பெருக்கக் கூடாது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணன் நாற்காலியிலிருந்து பார்த்தால் முதலில் ஹால் சன்னல், அப்புறம் அவர்கள் கண்ணாடி ரூம், அதற்கப்புறம் சந்து, அதைத் தாண்டி எங்கள் கண்ணாடி. அத்தனை கண்ணாடி தாண்டி எங்கள் வீட்டுக் குஞ்சு தெரியும். நடுவில் ஒரு தெருவே இருக்கிறது. எந்தத் தூசியும் கடந்து போகாது.

அந்த வாரமே அக்கா, அண்ணனுடைய டாக்டரிடம் தன் நெஞ்சைக் காட்டினார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "தூசி பக்கம் அவரு வரக்கூடாதுன்னு சொன்னேன். நீங்க போய் நின்னுக்கச் சொல்லலையேம்மா." இதையும் அண்ணன்தான் எனக்குச் சொன்னார். இந்த முறை அவர் குரல் மாற்றி நடிக்கவில்லை.

என் வீட்டில் துணி பிழியும் வேலை எனக்கே வந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு, குஞ்சுகளுக்குப் பயந்து பயந்து, கை நீட்டித் துடைப்பேன். என் கண்ணாடியில் கறை இருந்தால் எதிரே அக்கா தன் கண்ணாடியில் அதே இடத்தில் விரல் வைத்துக் காட்டுவார். நான் துடைத்தால், இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் என்று விரல் நகரும். பின்னால் அண்ணன் கை மெல்ல உயரும். கதவுப் பூட்டு கழற்றப்பட்டிருந்தது. காலியான கண்ணாடி ரூமில், வெளிச்சம் வந்த நாட்களில், நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் அங்கேயே உட்கார ஆரம்பித்தார்.

குளிர் இருவருக்குமே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அடுத்த வருடம் காரமடைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு இறங்கிப் போனார்கள். காரில் ஏறுவதற்கு முன் அக்கா சந்தின் இந்தப் பக்கம் வந்து, பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, எங்கள் கண்ணாடியின் வெளிப்பக்கத்தை, கை எட்டிய வரை, ஒருமுறை துடைத்தார். அண்ணன் முன்சீட்டிலிருந்து உள்ளே பார்த்தார். புதிதாக வாங்கியிருந்த குஞ்சுகள் அன்று ஒன்றையொன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. கார் திரும்பும்வரை அவர் கழுத்தைத் திருப்பவில்லை.

அவர்கள் இருவருமே இப்போது இல்லை. முதலில் அண்ணன்; ஒரு வருடம்கூட ஆகவில்லை, பின்னாலேயே அக்கா. எதிர்வீடு டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடும் காட்டேஜ் ஆகிவிட்டது. கண்ணாடி ரூமில் திரை போட்டிருக்கிறார்கள்.

இன்று காலையும் துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன். எங்கள் பெட்டியில் புதுக் குஞ்சுகள். இறகு முளைக்கும் சமயம். என் மனைவி காப்பியோடு வந்து சந்துப் பக்கம் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அங்க யாரு இருக்காங்கன்னு நெதமும் வெளிப்பக்கமும் தொடைக்கறீங்க?"

"கெளப்பாதே" என்றேன்.

அவள் டம்ளரைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.